யார் அந்தப் பிறர்?

தென்காசியில் தீசிஸ் அடித்துக் கொடுப்பவனுக்கு இரண்டு சீசன். ஒன்று ஆனி, ஆடியில் வருகிற சாரல் சீசன். ஊர் முழுக்க ஈரத்துண்டும் எண்ணெய் வாசனையுமாகத் திரியும். என் கடையில் ஈ ஓட்டலாம். மற்றது பல்கலைக்கழகம் கெடு வைக்கும்போது வருவது. அதற்குப் பஞ்சாங்கம் கிடையாது. அபிஷேகப்பட்டியில் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும், ஐந்தருவியிலிருந்து நான் பஸ் பிடித்துக் கடைக்கு வருவதற்குள் ஷட்டர் முன்னால் யாராவது பென்டிரைவோடு நிற்பார்கள்.

"எல்லாம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. ரெஃபரன்ஸ் மட்டும் சரி பண்ணணும். ஜர்னல்ல திருப்பி அனுப்பிட்டாங்க."

இந்த 'மட்டும்'தான் எனக்குச் சோறு போடுகிறது. தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு டிடிபி கடை வைத்தவன் நான். தட்டச்சு எல்லாரும் செய்கிறார்கள். ஸ்பைரல் பைண்டிங் பக்கத்து செராக்ஸ் கடையிலும் போடுவார்கள். துணைநூற்பட்டியலைக் கையில் வாங்கி, நூலாசிரியர் பெயர், ஆண்டு, பதிப்பகம், பக்கம் என்று ஒவ்வொன்றாக இழுத்து இடத்தில் உட்கார வைக்க ஆள் குறைவு. தமிழ்த் துறை ஆய்வேடு என்றால் அத்தியாய முடிவில் 'சான்றெண் விளக்கம்' இருக்கும். அதில் முதல் குறிப்பு முழுசாக வரும், அடுத்தது 'மேலது, ப. 45', அதற்குப் பிறகு 'மு.நூ., பக். 60-62' என்று போகும். நடுவில் ஒரு குறிப்பை வெட்டி எடுத்தால் அடுத்த 'மேலது' வேறு புத்தகத்துக்குப் போய்விடும். ஜர்னல்காரர்கள் இந்த ஏற்பாட்டையே வேண்டாம் என்கிறார்கள். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடு, கடைசியில் ஒரே பட்டியலாகக் கொடு என்கிறார்கள்.

வருகிறவர்களில் பலர் இதை யுஜிசி கண்டுபிடித்த தொல்லை என்றே நினைக்கிறார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லும் சங்கடம் தமிழுக்குப் பழசு. அதைத் தீர்க்கப் பட்ட பாட்டில் ஒரு பங்கு, என் கடையிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய ஊர்களுக்கும் உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பழைய உரையாசிரியர்கள் மேற்கோளுக்குக் கஞ்சத்தனம் பார்த்ததே இல்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டுமென்றால் நாலு நூலிலிருந்து நாலு வரி கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆனால் வரி வரும், முகவரி வராது. 'என்றார் பிறரும்' என்று முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். இன்றைய ஜர்னல் ஆசிரியர் கையில் நச்சினார்க்கினியர் கிடைத்தால் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. ஓலைச்சுவடியில் ஏட்டுக்கு எண் உண்டு, ஓரத்தில் தமிழ் எண்ணில் எழுதியிருக்கும். அந்த எண் அந்தச் சுவடிக்கு மட்டும்தான் சொந்தம். அதே நூலை இன்னொருவர் படியெடுத்தால் அவர் கை எழுத்து சிறிதா பெரிதா, ஓலை நீளமா குட்டையா என்பதைப் பொறுத்து ஏட்டுக் கணக்கு மாறும். 'நாற்பத்தோராம் ஏடு' என்று மதுரைக்காரர் எழுதினால் நெல்லைக்காரருக்கு அது பயன்படாது. அது போக, உரையைப் படிக்க உட்காருகிறவருக்கு மூலநூல்கள் மனப்பாடமாக இருக்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. முதல் இரண்டு சீர் சொன்னால் போதும், மீதியை மாணாக்கர் முடிப்பார். மனப்பாடம் இருக்கும்வரை 'பிறர்' யார் என்று யாரும் கேட்கவில்லை. மனப்பாடம் செய்தவர்கள் போன பிறகுதான் கேள்வி வந்தது.

எல்லாரும் அப்படி விட்டுவிடவில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தன் உரைப்பாயிரத்தில் ஒரு காரியம் செய்தார். இசைக்கும் நாடகத்துக்கும் பழைய இலக்கண நூல்கள் பல அழிந்துவிட்டன என்று சொல்லி, தான் எந்த நூல்களை வைத்துக்கொண்டு உரை செய்கிறேன் என்று ஐந்தின் பெயரை எழுதி வைத்தார்: இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய துணைநூற்பட்டியல் இது. மூலநூல் இல்லை, கிடைத்ததை வைத்துச் சொல்கிறேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். என் கடைக்கு வரும் தீசிஸ் முன்னுரைகளில் இதைக் காண முடிவதில்லை. அந்த ஐந்தில் பஞ்சமரபு நெடுங்காலம் வெறும் பெயராகவே கிடந்தது. கொங்கு நாட்டில் அதன் சுவடி கிடைத்து, தெய்வசிகாமணிக் கவுண்டர் 1970-களில் அச்சில் கொண்டுவந்தார். பெயர் முன்பே பட்டியலில் இருந்ததால்தான் கையில் வந்த சுவடி இன்னது என்று தெரிந்தது.

இனி மேலகரம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிற ஊர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் ஊர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அதே மேலகரத்தில் பிறந்த சுப்பிரமணிய தேசிகர் திருவாவடுதுறை ஆதீனத்தின் பதினாறாவது பட்டத்தில் இருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை ஆதரித்தவர், உ.வே.சாமிநாதையர் வளர்ந்தது அவர் நிழலில்தான். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் ராமசாமி முதலியார், சீவகசிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று ஐயரைக் கேட்ட கதை பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. கேள்விக்குப் பிறகு நடந்ததுதான் நம் விஷயம்.

சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை இருந்தது. ஐயர் அதை எடுத்துவைத்துப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் மேற்கோள். எந்த நூல் என்று சொல்லவில்லை, 'பிறர்' சொன்னதாகவே போகிறது. அவர் அதுவரை படித்திருந்ததெல்லாம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம். அந்த மேற்கோள்கள் எதுவும் இவற்றில் அகப்படவில்லை. அப்படியானால் தமக்குத் தெரியாத ஒரு பெரிய நூல்கூட்டம் எங்கோ இருக்கிறது என்றாகிறது. அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதி மேலகரத்து தேசிகர் தலைமையில் இருந்த மடத்திலேயே பழைய சுவடிக்கட்டாகக் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் எட்டுத்தொகை. உரையில் தலையும் காலும் இல்லாமல் நின்ற வரிகள் இங்கே முழுப் பாட்டாக இருந்தன. சங்க இலக்கியத்தை ஐயர் கண்டெடுத்தார் என்று மேடையில் சொல்கிறோம். தொழில்காரனாக எனக்குப் படுவது, அவர் முகவரியில்லாத ரெஃபரன்ஸ்களைச் சரிபார்க்கப் போனார், போன வழியில் நூல்கள் கிடைத்தன என்பது. என் பார்வை குறுகலாக இருக்கலாம். ஆனால் அவர் சிந்தாமணியை 1887-இலும் பத்துப்பாட்டை 1889-இலும் புறநானூற்றை 1894-இலும் வெளியிட்ட வரிசையைப் பார்த்தால், ஒரு நூலின் உரையிலிருந்த மேற்கோள் அடுத்த நூலுக்கு வழி காட்டியது தெரியும்.

எல்லா வழியும் நூலில் போய் முடியவில்லை. சங்கரன்கோயில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது, இப்போது எங்கள் தென்காசி மாவட்டத்தில். தென்காசிப் பாண்டியர் கிளையில் அதிவீரராமர் நைடதம் பாடினார். வரதுங்கராமர் பிரமோத்தர காண்டம் பாடினார். பாண்டியர் வைத்திருந்த சுவடிகள் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஐயர் தேடிப் போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இட வேண்டும் என்று ஆகமம் சொல்வதாகவும், அப்படியே செய்துவிட்டதாகவும் அங்கே பதில் கிடைத்தது. தன் வரலாற்றில் இதை எழுதும்போது அவர் பட்ட வேதனை வரிக்கு வரி தெரிகிறது. எரிந்ததில் என்னென்ன இருந்தன என்பதற்குப் பட்டியல் இல்லை. அடியார்க்குநல்லார் மாதிரி யாராவது பெயர்களை மட்டுமாவது எழுதி வைத்திருந்தால் எதை இழந்தோம் என்றாவது தெரிந்திருக்கும்.

ஐயர் பதிப்புகளின் முன்னுரையையும் பாட்டையும்தான் பலர் படிக்கிறார்கள். நான் கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குவேன். அரும்பத அகராதி, பாட்டு முதற்குறிப்பு அகராதி, மேற்கோள் நூல்களின் பட்டியல் எல்லாம் அங்கே இருக்கும். பாட்டின் அடியில் 'மேற்கோளாட்சி' என்று ஒரு பகுதி போடுவார். 1937-இல் வந்த குறுந்தொகைப் பதிப்பைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பாட்டின் இன்ன அடியை, தொல்காப்பியத்தின் இன்ன சூத்திரத்துக்கு, இளம்பூரணர் எடுத்துக்காட்டினார், நச்சினார்க்கினியர் எடுத்துக்காட்டினார் என்று வரிசையாக இருக்கும். நாம் ரெஃபரன்ஸ் எழுதும்போது பின்னோக்கிப் பார்க்கிறோம்: நான் யாரிடமிருந்து எடுத்தேன் என்று. இது முன்னோக்கிப் பார்ப்பது: இந்தப் பாட்டைப் பின்னால் வந்தவர்களில் யார் யார் எடுத்தார்கள் என்று. அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்ட் விஞ்ஞானக் கட்டுரைகளுக்கு இதே கேள்வியை வைத்து 1964-இல் ஒரு பெரிய அட்டவணையைத் தொடங்கினார். இன்று பேராசிரியர் பதவி உயர்வுக்கு எண்ணிக் கொடுக்கிற 'சைட்டேஷன்' கணக்கெல்லாம் அதன் வாரிசு. ஐயர் எண்ணிக்கைக்காகச் செய்யவில்லை. பாட்டின் பாடம் சரியா என்று பார்க்க உரையாசிரியர் எடுத்தாண்ட வடிவம் ஒரு சாட்சி. ஏட்டில் எழுத்து சிதைந்த இடத்தை மேற்கோள் நிரப்பும்.

இந்த வேலையில்தான் தமிழுக்கென்று ஒரு சான்றுமுறை உருவானது. 'புறநா. 183', 'குறுந். 40', 'சிலப். 5: 12-15', 'தொல். செய். 1, இளம்.' என்று நூற்பெயர்ச் சுருக்கமும் பாட்டெண்ணும் அடியெண்ணும். பக்க எண் கிடையாது. ஐயர் பதிப்பானாலும் கழகப் பதிப்பானாலும் நேற்று வந்த மலிவுப் பதிப்பானாலும் 183 என்றால் 183தான். பக்க எண்ணை நம்பி எழுதிய ரெஃபரன்ஸ் அடுத்த பதிப்பு வந்ததும் செத்துப்போகும், பாட்டெண் சாகாது. ஓலையில் இருந்த பிரச்சினையை அச்சுக்காலத்தில் முறையாகத் தீர்த்தார்கள். ஏபிஏ, எம்எல்ஏ என்கிற அமெரிக்க ரெஃபரன்ஸ் விதிகள் எதுவும் நம் ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே நம்மிடம் இது இருந்தது என்பதை, ரெஃபரன்ஸ் சரியில்லை என்று கடைக்கு வந்து வருத்தப்படுகிறவர்களிடம் சொல்வேன். சமாதானம் ஆக மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ஜர்னலின் 'அக்சப்டட்' மெயில்.

அந்த முறையைப் பெரிய அளவில் ஓட்டிக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1913-இல் மதுரையில் சாண்ட்லர் பாதிரியார் தலைமையில் வேலை தொடங்கியது. 1926-இல் பதிப்பாசிரியராக வந்த எஸ். வையாபுரிப்பிள்ளை 1936-இல் ஆறு தொகுதிகளையும் முடித்தார். 1939-இல் இணைப்புத் தொகுதி வந்தது. லட்சத்துக்கு மேல் சொற்கள். சொல்லுக்குப் பொருள் மட்டும் கொடுத்து விட்டுவிடவில்லை, அந்தப் பொருளில் எந்த நூல் எங்கே ஆண்டிருக்கிறது என்று அடைப்புக்குறிக்குள் கொடுத்தார்கள். சங்கப் பாட்டு, கம்பர், திவ்யப்பிரபந்தத்தோடு எங்கள் மேலகரத்துக் கவிராயரும் 'குற்றா. குற.' என்ற சுருக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நூலில் வராமல் பேச்சில் மட்டும் இருக்கும் சொல்லுக்கு எந்தச் சீமைப் பேச்சு என்று ஒரு குறி உண்டு. திருநெல்வேலிக்கு ஒன்று, நாஞ்சில் நாட்டுக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று. ஏட்டில் இல்லாததற்கு ஊரே சான்று. கடையில் வேலை இல்லாத சாரல் நாளில் லெக்சிகனைப் புரட்டி நெல்லைக் குறி போட்ட சொற்களைத் தேடுவது எனக்குப் பொழுதுபோக்கு.

வையாபுரிப்பிள்ளை நெல்லைச் சீமைக்காரர், சட்டம் படித்தவர். கோர்ட்டில் முன்தீர்ப்பு எண் சொல்லாமல் வாதாட முடியாது. அந்தப் பழக்கத்தைத் தமிழுக்கும் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்லலாம். அதே சீமையில், அதே சட்டப் படிப்போடு, நேர் எதிராக நின்றவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். குற்றாலத்துக்கு இலக்கிய உலகில் இன்னொரு பெயர் வாங்கிக் கொடுத்தவர். 1954-இல் காலமாகும்வரை அவர் இங்கே இருந்த நாட்களில் ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். அருவியில் குளிப்பதும் கம்பனைக் கேட்பதும் ஒரே யாத்திரையாக நடந்தது. பாட்டை உரக்கச் சொல்லி, நிறுத்தி, திரும்பச் சொல்லி, கேட்கிறவர் காதில் அதை ஏற்றுவார் என்று பழைய ஆட்கள் இன்னும் பேசுகிறார்கள்.

டி.கே.சி.க்கு அடிக்குறிப்பு ஆகாது. கம்பராமாயணத்தில் செருகுகவிகள் நிறைய உண்டு என்று அவர் உறுதியாக நம்பினார். எது கம்பர், எது செருகல் என்று தீர்மானித்தது அவர் காதும் ரசனையும். பாட்டுகளைத் தள்ளினார், சில இடத்தில் சொல்லையும் மாற்றினார். எந்த ஏட்டில் இந்தப் பாடம் இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஏடு இல்லை. புலவர்கள் கொதித்தார்கள். பின்னால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களோடு கம்பராமாயணத்தைப் பதிப்பித்தபோது போன பாதையே வேறு. செருகல் இருக்கிறது என்ற அவர் சந்தேகம் தவறில்லை. எதை எடுத்தேன், எதைத் தள்ளினேன், எந்தக் காரணத்தால் என்று பாட்டுக்குப் பாட்டு ஒரு வரி எழுதியிருந்தால் இன்று அவர் காதோடு நாம் விவாதம் செய்ய முடியும். இப்போது ஏற்கலாம், அல்லது மறுக்கலாம். நடுவில் ஒன்றும் இல்லை. குற்றாலத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு என்னைத் திட்டுகிறவர்கள் உண்டு.

ஆனால் அதே டி.கே.சி. ஆசையாக உரை எழுதி வெளியிட்ட முத்தொள்ளாயிரத்தைப் பாருங்கள். சேர, சோழ, பாண்டியரைப் பாடிய அந்த நூல் முழுசாகக் கிடைக்கவில்லை. பாடியவர் யாரென்றும் தெரியாது. கையில் இருப்பது நூற்றுச் சொச்சம் வெண்பா. அவை பிழைத்ததற்குக் காரணம் புறத்திரட்டு என்ற தொகைநூல். பெயர் தெரியாத ஒருவர் பல நூல்களிலிருந்து தனக்குப் பிடித்த பாடல்களை, 1,500-க்கு மேல், அதிகாரம் பிரித்துத் தொகுத்தார். தொகுத்ததோடு நிற்காமல் எந்தப் பாட்டு எந்த நூலில் இருந்து வந்தது என்றும் குறித்துவைத்தார். தன் பெயரைச் சொல்லாதவர், எடுத்த இடத்தின் பெயரை விடவில்லை. புறத்திரட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக 1930-களின் இறுதியில் பதிப்பித்தவர் வையாபுரிப்பிள்ளை. அதற்கும் முன்பே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதழ் வழியாக முத்தொள்ளாயிரப் பாடல்கள் வெளியே தெரிந்திருந்தன. ஆக, குற்றாலத்தில் டி.கே.சி. பாண்டியன் மேல் காதல் கொண்ட பெண்ணின் வெண்பாவைச் சொல்லி ஊரை மயக்கினாரென்றால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவரின் ரெஃபரன்ஸ் இருந்தது.

குண்டலகேசியில் 19 பாட்டு மிஞ்சியதும் புறத்திரட்டால்தான். வளையாபதியில் எழுபதுக்குச் சற்று மேல் மிஞ்சியிருக்கிறது, அதிலும் பெரும்பங்கு இந்தப் புண்ணியவான் கொடுத்ததே. வளையாபதி ஏட்டை இளமையில் திருவாவடுதுறை மடத்தில் தன் கண்ணால் பார்த்ததாகவும் பிறகு தேடியபோது அகப்படவில்லை என்றும் ஐயரே எழுதியிருக்கிறார். மயிலை சீனி. வேங்கடசாமி 1959-இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகம் போட்டார். உரைகளிலும் தொகைகளிலும் பெயர் மட்டுமோ பாட்டு ஒன்றிரண்டோ தங்கியிருக்கிற நூல்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். இல்லாத புத்தகங்களுக்கு ஒரு துணைநூற்பட்டியல் அது. அந்தப் புத்தகத்தின் பதிவுகளில் பல, எவரோ ஒரு உரையாசிரியரோ தொகுத்தவரோ நூலின் பெயரை எழுதியதால் வந்தவை. யாப்பருங்கல விருத்திக்காரர் அதில் தாராளமானவர். நச்சினார்க்கினியர் 'பிறர்' என்று விட்ட வரிகளில் இன்னும் வீடு தெரியாமல் நிற்பவை உண்டு.

இப்போது வெளிநாட்டுக் கதைக்குச் சுருக்கமாகப் போய்வருவோம். அடைப்புக்குறிக்குள் ஆண்டைப் போடும் வழக்கத்தை 1881-இல் ஹார்வர்டின் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அவர் கட்டுரை ஓடில்லாத ஒரு நத்தையின் முட்டை பற்றியது. சாரல் காலத்தில் ஐந்தருவியில் என் வீட்டுச் சுவரில் ஊரும் ஜாதிதான், அதனால் இந்தத் தகவல் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம். சிகாகோ கையேடு 1906-இல் வந்தது. உளவியல்காரர்களின் ஏபிஏ விதிகள் 1929-இல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கின, இப்போது தலையணை கனம். எம்எல்ஏ 1951.

இவை எல்லாமே மனிதருக்குக் குடும்பப்பெயர் உண்டு என்று வைத்துக்கொண்டு செய்தவை. நமக்கு இல்லை. 'எஸ்.' என்பது வையாபுரிப்பிள்ளையின் தகப்பனார் சரவணப்பெருமாள், 'உ.வே.' என்பது உத்தமதானபுரமும் வேங்கடசுப்பையரும். ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேர் கடைசிச் சொல்லைப் பிடித்துக் குடும்பப்பெயர் ஆக்கும். பட்டியலில் 'ஐயர், உ.வே.எஸ்.' வருவார். 'பிள்ளை' என்ற தலைப்பில் யாழ்ப்பாணத்துத் தாமோதரம் பிள்ளையும் திருவனந்தபுரத்துச் சுந்தரம் பிள்ளையும் நம் வையாபுரிப்பிள்ளையும் ஒரே குடும்பம்போல அடுத்தடுத்து நிற்பார்கள். எங்கள் பல்கலைக்கழகமே சுந்தரம் பிள்ளையின் பெயரில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் காலத்தைச் சான்று காட்டி வரையறுக்க முயன்ற அவருடைய 1895 நூலைக் குறிப்பிட, அங்கிருந்து வருகிற ஆய்வாளரே வெறும் 'பிள்ளை, 1895' என்று எழுத வேண்டியிருக்கிறது. சாதியை விட்டுவிட்டு எழுதும் தலைமுறைக்கு வேறு சிக்கல்: கடைசிச் சொல் தகப்பனார் பெயராக இருக்கும், ஆக மகளின் ஆய்வு அப்பாவின் பெயரில் பதிவாகும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றியவர் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவார். 2012-இல் ஆய்வாளருக்கு ஆர்கிட் என்ற அடையாள எண் வந்ததிலிருந்து அவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நிம்மதி. நம் சீர்காழி ரங்கநாதன் நூலகப் பட்டியல் விதிகளை 1934-இலேயே எழுதியபோது இந்தியப் பெயர்கள் வேறு மாதிரி என்பதை மனசில் வைத்திருந்தார். விதி எழுதிய அமெரிக்கர்கள் அவரைக் கேட்டிருக்கலாம்.

ஆண்டு இன்னொரு வேலை வைக்கும். பழைய புத்தக முகப்பில் சர்வசித்து, விரோதி என்று தமிழ் வருஷம் இருக்கும். சர்வசித்து என்றால் 1887 ஏப்ரலிலிருந்து 1888 ஏப்ரல் வரை. அறுபது வருஷம் கழித்து 1947-இல் மறுபடி சர்வசித்து. மாதம் தெரிந்தால்தான் 1887-ஆ 1888-ஆ என்று சொல்லலாம். எங்கள் பக்கத்தில் கொல்லம் ஆண்டும் புழங்கியது. அதோடு 824 கூட்டுவதா 825 கூட்டுவதா என்பதும் மாதத்தைப் பார்த்துத்தான்.

தாவரவியல்காரர்கள் இந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். குற்றாலத்தின் பெயரையே தாங்கிய ஒரு நாவல் இன மரம் உண்டு, சிசிஜியம் கோர்டலென்ஸே. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் காம்பிள், வெளியே ஆல்ஸ்டன் என்று எழுதுவார்கள். முதலில் பெயர் வைத்தவர் உள்ளே, பிறகு வேறு பேரினத்துக்கு மாற்றியவர் வெளியே. இரண்டு பெயரிலும் ஒரு அடைப்பிலும் முழு வரலாறு. அவர்கள் தீசிஸ் வந்தால் அந்தப் பக்கத்தை நான் தொடுவதே இல்லை.

இனி கடைக்கு வருவோம். 2019-இல் யுஜிசி, ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் இவை என்று 'கேர்' பட்டியலை வெளியிட்ட பிறகு என் கடைக்கு வந்த கூட்டம் சொல்லி முடியாது. 2022-இல், பிஎச்.டி. ஏடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். கூட்டம் குறைந்தது, நிற்கவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்க மார்க் வேண்டுமே.

இப்போது புதுசாக ஒன்று வருகிறது. செயற்கை அறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய துணைநூற்பட்டியல். பார்க்க அழகு: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம், பக்கம், எல்லாம் விதிப்படி, ஒரு காற்புள்ளி பிசகாது. அண்மையில் ஒரு பெண் குறவஞ்சி பற்றிய கட்டுரையோடு வந்தார். பட்டியலில் வையாபுரிப்பிள்ளை எழுதியதாக ஒரு புத்தகம், ஆண்டு 1961. அவர் 1956-இல் இறந்துவிட்டார். மறுபதிப்பாக இருக்கலாமே என்று பார்த்தோம். அந்தத் தலைப்பில் அவர் எதுவும் எழுதியதாக ரோஜா முத்தையா நூலகப் பட்டியலில் இல்லை, அவர் நூல் வரிசையிலும் இல்லை.

"கைடு ஓகே சொல்லிட்டாங்களே அண்ணாச்சி."

"கைடு கமாவைப் பாத்திருப்பாங்கம்மா."

அவர் கட்டுரையில் அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்ததாக ஒரு கருத்து இருந்தது, கருத்து தப்பில்லை. உங்களுக்கே தோன்றியதுதானா என்று கேட்டேன். தான் குறவஞ்சியைப் படிக்கும்போது தோன்றியது, யாராவது பெரியவர் சொன்னதாக இருந்தால் எடுபடும் என்று சான்று கேட்டதாகச் சொன்னார். அடைப்புக்குறியை எடுத்துவிட்டு, குறவஞ்சிப் பாட்டெண்ணை மட்டும் அங்கே போடச் சொன்னேன். பாட்டெண் போட்டால் ஜர்னல் ஒத்துக்கொள்ளுமா, பக்க எண் கேட்பார்களே என்றார். எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்றேன். பையிலிருந்து எடுத்தார், அட்டை கிழிந்து, முகப்புத் தாள் இல்லாமல், பதிப்பகம் தெரியாத பழைய பிரதி, தாத்தா வைத்திருந்ததாம். ஆக, பாட்டெண்தான். மீதிப் பட்டியலில் இருந்ததையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது, மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன்.